மாப்பிள்ளைக்குத் திருப்பி வைத்த கண்ணாடி

சென்ற வெள்ளிக்கிழமை காலை, பல்லாவரம் சந்தைக்குப் போவதற்காக ஊரப்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். சந்தையில் எனக்கு என்ன வேலை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் நீங்கள் சிரித்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவீர்கள்.

பெருங்களத்தூரை நெருங்கும்போது வலப்பக்கம் ஒரு கார் வந்தது. அதன் நிறம் என்னவென்று எழுதுவதற்காக நெடுநேரம் யோசித்தேன். வரும்போது மயில் கழுத்து. பக்கத்தில் இருக்கும்போது கத்தரிப்பூ. கடந்து போனபின் ஒரு பச்சை. ஒரே காரை மூன்று பேர் பார்த்துச் சாட்சி சொன்னால் மூன்று கார்கள் என்று பதிவாகிவிடும்.

ஓட்டியவருக்கு முப்பது வயது இருக்கலாம். எதிரே ஒட்டியிருந்த கைபேசியில் அவருடைய முகமே தெரிந்தது. அந்த முகத்திடம் அவர் எதையோ பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார். அவர் சாலையைப் பார்க்கவில்லை என்று சொன்னால் நியாயமாகாது. இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை பார்த்தார்.

நாங்கள் எல்லோரும் அவரைப் பார்த்தோம். பைக்கில் போனவர்கள் பார்த்தார்கள். பேருந்து ஜன்னல்களில் தலைகள் வரிசையாகத் திரும்பின. எங்கள் ஆட்டோக்காரரும் பார்த்தார். முன்னால் தண்ணீர் கேன் ஏற்றிய ஒரு குட்டி யானை வண்டி நின்றுகொண்டிருந்தது. அதை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

எங்கள் ஆட்டோ அதில் முட்டிய வேகம் பெரிதில்லை. சில கேன்கள் உருண்டன. குட்டி யானைக்காரர் இறங்கி வந்தார்.

“யோவ், கண்ணு எங்க கீது உனக்கு?”

“மச்சான், அந்தக் காரைப் பாத்தியா?” என்றார் எங்கள் ஆட்டோக்காரர்.

“எந்தக் காரு?” அவர் திரும்பினார். கார் அப்போதுதான் பச்சையாகிக்கொண்டிருந்தது. “அடப்பாவி, இன்னா கலருடா அது!”

சண்டை அத்தோடு முடிந்தது. இருவரும் சேர்ந்து கேன்களைப் பொறுக்கினார்கள். வழக்கு இவ்வளவு விரைவாகத் தீர்ந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மூக்குக் கண்ணாடி மட்டும் கழன்று, எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவின் பூக்கூடைக்குள் விழுந்தது. குனிந்து எடுத்தபோது மல்லிகை வாசனையும் பெட்ரோல் வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறின. தனித்தனியாக இரண்டும் தினமும் கிடைக்கின்றன. ஒன்றாகக் கிடைத்துப் பல வருடங்கள் ஆயிற்று. அந்த வாசனைக்கு என் நினைவில் ஒரே ஒரு சொந்தக்காரர்தான் உண்டு. யூசுப் பாய்.

வரலாறு படித்துப் பட்டம் வாங்கிய எனக்கு முதலில் கிடைத்த வேலை கல்யாண மண்டபத்தில். மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் அந்த மண்டபம் இருந்தது. பதவியின் பெயர் மேனேஜர். பாத்திர அறைச் சாவி என்னிடம் இருக்கும். ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன். செருப்பு காணாமல் போனவர்களிடம் வருத்தம் தெரிவிப்பேன். எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தை, சாம்பார் ஆறுவதற்குள் மண்டப வாசலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பேன். படித்த படிப்புக்குப் பொருத்தமான வேலைதான். வரலாற்றிலும் பெரும்பகுதி ஊர்வலங்கள்தானே.

எந்த ஆண்டு என்று கேட்பீர்கள். தேதி உறுதியில்லாத எதையும் எழுத எனக்குக் கூச்சம். நான் சொல்லும் ஆண்டும் என் மனைவி சொல்லும் ஆண்டும் ஒத்துப்போகவில்லை. தாம்பரத்தில் மேம்பாலம் வருவதற்கு முன்பு, ரயில்வே கேட் மூடினால் பாதி ஊர் நின்று பேசிக்கொண்டிருந்த காலம் என்பதில் மட்டும் இருவருக்கும் உடன்பாடு. ஆவணியின் கடைசி முகூர்த்தத்துக்கு முந்தைய மாலை என்பதிலும் சந்தேகமில்லை. அடுத்து புரட்டாசி பிறந்து, மண்டபத்தில் நான் ஒட்டடை எண்ணிக்கொண்டிருந்தது நன்றாக நினைவிருக்கிறது.

யூசுப் பாய் பல்லாவரத்துக்காரர். அவரிடம் ஒரு பெரிய பழைய வெளிநாட்டுக் கார் இருந்தது. அது பிறக்கும்போது கூரையோடுதான் பிறந்தது. பல்லாவரத்தில் ஒரு வெல்டிங் கடையில் கூரையை அறுத்து எடுத்தார்கள். மாப்பிள்ளை ஊரெல்லாம் தெரிய வேண்டும் அல்லவா? பின் இருக்கையைத் தூக்கிக் கட்டி, பம்பருக்கு மீண்டும் மீண்டும் பாலிஷ் போட்டு, கடைசியில் வண்டி முழுவதற்கும் பஞ்சுமிட்டாய் நிறத்தில் பெயின்ட் அடித்தார். மங்கலான ரோஸ் இல்லை. திருவிழாவில் குச்சியில் சுற்றித் தருகிறார்களே, கண் கூசும் அந்த நிறம்.

“பாய், ஏன் இந்தக் கலர்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“தூரத்துலேர்ந்தே தெரியணும் சார். தெரிஞ்சா ஒதுங்குவான். ஒதுங்குனா அடிபட மாட்டான்.”

தர்க்கம் குறையில்லாதது. நடைமுறையில் ஒரு சின்ன மாறுதல்தான். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் யாரும் ஒதுங்கவில்லை. எல்லோரும் கிட்டே வந்தார்கள். சைக்கிள்காரர்கள் கூடவே ஓட்டினார்கள். பால் வாங்கப் போன பெண்கள் பாத்திரத்தோடு பின்னால் வந்தார்கள். அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டே ஒருவர் எங்கள் தெருச் சாக்கடைக்குள் இறங்கி, உள்ளே நின்றபடியே கை தட்டினார்.

நிறத்துக்குக் காரணம் பாதிதான் சொன்னார் என்பது, மண்டபத்துக்கு எதிர் டீக்கடையில் ஒரு மழை மாலையில் தெரிந்தது. ஊர்வலம் மழைக்காகக் காத்திருந்தது. காரின் மேல் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். சாலையில் ஒரு சிவப்புக் கார் நீரை வாரி அடித்துக்கொண்டு போயிற்று. கடையில் இருந்த எல்லோரும் அதைப் பார்த்தோம். பாய் மட்டும் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் முன்ன திரிசூலத்துல ஜல்லி லாரி ஓட்டிக்கினு இருந்தேன் சார்,” என்றார். “ஒரு நாளு பக்கத்துல ரெட் கலர் காரு ஒண்ணு வந்துச்சு. மேல மூடி கெடயாது. எவனோ பெரிய வூட்டுப் புள்ள. சர்ருனு போனான். கழுத்த திருப்பிப் பாத்தேன். எவ்ளோ நேரம் பாத்திருப்பேன்ற? ஒரு தபா கண்ண சிமிட்டுற நேரம். திரும்பி ரோட்ட பாத்தா, சைக்கிள் கீது, ஆளு இல்ல.”

டீக்கடைக்காரரிடம் இன்னொரு டீ சொன்னேன். மேனேஜர்களுக்குச் சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான்.

“அந்தக் கார்?” என்று பிறகு கேட்டேன்.

“அது போயிடுச்சி. இப்டி ஒண்ணு நடந்ததே அதுக்குத் தெரியாது. கோர்ட்டுல பிரேக்கப் பத்தி கேட்டாங்கோ, லைட்டப் பத்தி கேட்டாங்கோ. காரப் பத்தி யாரும் கேக்கல. நானும் சொல்லல. அழகா இருந்துச்சு, பாத்தேன்னு எப்டி சார் சொல்றது? செத்தவன் பொண்டாட்டி எதிர்ல நிக்கிறா.”

அவருக்கு என்ன தண்டனை கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. அவர் தனக்குத் தானே விதித்துக்கொண்டது எனக்குத் தெரியும். மனிதர் நடக்கிற வேகத்துக்கு மேல் இனி எந்த வண்டியையும் ஓட்டுவதில்லை. நடக்கிற வேகத்தில் போகும் மோட்டார் வாகனங்கள் எனக்குத் தெரிந்து இரண்டுதான். ஒன்று சாலை போடும் ரோலர், மற்றது மாப்பிள்ளை கார். ரோலர் அரசாங்கத்திடம் இருந்தது.

“நடக்குற வேகத்துல போற வண்டி யாரையும் கொல்லாது சார். எங்கைல இனிமே ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவக்கூடாது. அவ்ளோதான். மத்ததெல்லாம் அப்புறம்.”

“எல்லாரும் திரும்பிப் பாக்குற வண்டியத்தான வச்சிருக்கீங்க?”

“பாக்கட்டுமே. நான் ஓரமா ஊர்ந்துகினு தான போறேன்?”

உண்மையிலேயே ஊர்ந்தார். மாலை ஊர்வலத்துக்கு மதியமே பல்லாவரத்தில் புறப்படுவார். ஜி.எஸ்.டி. சாலையின் இடது ஓரத்தில், குரோம்பேட்டை வழியாக அந்தப் பஞ்சுமிட்டாய் வரும். சைக்கிள்கள் மணி அடித்துவிட்டு முந்திப் போகும். ஒருமுறை குடை பிடித்த பெரியவர் ஒருவரும் முந்தியதாகக் கேள்வி. அதற்கு நேர்ச்சாட்சி கிடைக்காததால் கேள்வி என்றே எழுதுகிறேன்.

இப்போது கண்ணாடிக்கு வர வேண்டும். டிரைவருக்குப் பின்புறம் தெரிவதற்காக முன்னால் ஒரு கண்ணாடி இருக்கும் அல்லவா? பாயின் காரில் அது கெட்டியான இரும்புத் தண்டில் நின்றது. மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்ததும் பாய் முதலில் செய்கிற வேலை, அந்தக் கண்ணாடியை மாப்பிள்ளை பக்கமாகத் திருப்புவது. அது அந்தத் தொழிலின் மரியாதை. மாப்பிள்ளைக்குத் தன் முகம் தெரிய வேண்டும். பொட்டு கலைந்திருக்கிறதா, மாலை கோணலா, டை சரியாக இருக்கிறதா என்று வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வர வேண்டும். மற்ற ஊர்வலக் கார்களிலும் இதே வழக்கம்தான். கண்ணாடியைத் திருப்பாத டிரைவரை அக்கறையில்லாதவர் என்பார்கள்.

“அப்ப உங்களுக்குப் பின்னாடி எப்படித் தெரியும்?” என்று கேட்டிருக்கிறேன்.

“மாப்ள ஊர்வலம் எங்க சார் பின்னாடி போவும்? போறதெல்லாம் முன்னாடிதான்.”

இதுவும் குறையில்லாத தர்க்கம்தான். பெண் வீட்டை நோக்கிப் புறப்பட்ட மாப்பிள்ளை ஓரடி பின்னால் போனால்கூட அபசகுனம் என்று ஊரே நம்பியது. அதனால் அந்தக் காரின் ரிவர்ஸ் கியர் ஊர்வலத்தில் ஒருமுறைகூடப் பயன்பட்டதில்லை. அந்த ஆவணி மாலை வரை.

மாப்பிள்ளையின் பெயர் சேகர். இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. சாம்பல் நிறக் கோட்டு, அரக்கு டை, கழுத்தில் மாலை. அவருடைய தலைமுடி ஒரு பக்கமாக எழுந்து நிற்கும் வகை. எண்ணெய் வைத்து அமுக்கியிருந்தார். காரில் அவரைச் சுற்றி இரண்டு வீட்டுக் குழந்தைகளும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. மாப்பிள்ளை காரில் இடம் கிடைப்பது குழந்தைகளுக்குப் பெரிய கௌரவம். இடம் கிடைக்காதவர்கள் அழுதுகொண்டு பின்னால் நடப்பார்கள். அழைப்பே இல்லாத தெருக் குழந்தைகள் அழாமல் பின்னால் நடப்பார்கள்.

அவர்களில் ஒருத்தி தேவி. ஐந்தாறு வயது. மடித்துக் கட்டிய இரட்டைச் சடையில் சிவப்பு ரிப்பன், பச்சைப் பாவாடை. ஒவ்வொரு ஊர்வலத்துக்கும் வருவாள். மாப்பிள்ளை மேல் அவளுக்கு எந்த ஆர்வமும் கிடையாது. பாலிஷ் போட்ட பின்பக்க பம்பரில் அவள் முகம் அகலமாகத் தெரியும். கார் நிற்கும் இடத்திலெல்லாம் போய்க் குந்தி உட்கார்ந்து, அந்த முகத்துக்குப் பழிப்புக் காட்டுவாள். அதுவும் திருப்பிக் காட்டும்.

ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் நாதஸ்வரமும் தவிலும், அதற்கும் முன்னால் பேண்டு வாத்தியம். இரண்டும் ஒரே நேரத்தில் வெவ்வேறு பாட்டு வாசிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஓரங்களில் தலையில் டியூப்லைட் சுமந்தவர்கள். நான் பேண்டுக்குப் பக்கத்தில், மண்டபத்தில் சாம்பார் என்ன நிலையில் இருக்கிறதோ என்று நினைத்தபடி நடந்துகொண்டிருந்தேன். தெரு முனைப் பிள்ளையார் கோயிலை ஒட்டி அன்று யாரோ வீட்டுக்கு ஒரு லோடு செங்கல் இறக்கி அடுக்கியிருந்தார்கள். பிள்ளையார் அதற்குப் பின்னால் போய்விட்டார். பார்க்காமல் தாண்டிவிட்டோம்.

மாப்பிள்ளையின் அத்தைதான் முதலில் கண்டுபிடித்தார். ஊர்வலத்தை அவர்தான் நடத்துகிறார் என்பது அவருடைய எண்ணம். அது பெரும்பாலும் சரியாகவும் இருந்தது.

“நிறுத்துங்க, நிறுத்துங்க! பிள்ளையாரைத் தாண்டி வந்துட்டீங்களே! தேங்கா உடைக்காம எப்படி?”

“நீங்க நடந்து போய் உடைச்சிட்டு வாங்கம்மா. வண்டி நிக்கட்டும்,” என்றார் பாய்.

“மாப்பிள்ளை சாமி முன்னாடி இருக்க வேணாமா?”

“அப்ப மாப்ளய எறக்கிக் கூட்டினு போங்க.”

“அழைப்புக்கு ஏறின மாப்பிள்ளை மண்டபத்துலதான் இறங்கணும். நடுவுல இறங்கினா நல்லதில்ல.”

“ஊர்வலம் பின்னால போறதும் நல்லதில்லம்மா.”

அத்தை கொஞ்சம் யோசித்தார். “பின்னாலயா போறோம்? சாமிகிட்டதானே போறோம்?”

இதையும் குறையில்லாத தர்க்கம் என்றே எழுத வேண்டும்.

பாய் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். தெரிந்தது ஒரு மாப்பிள்ளை, ஒரு மாலை, குழந்தைகளின் தலைகள், அதற்குப் பின்னால் பூச்சரங்களால் கட்டிய ஒரு சுவர். கண்ணாடியை நிமிர்ந்து பார்த்திருந்தாலும் மாப்பிள்ளையின் டைதான் தெரிந்திருக்கும். அத்தை பக்கவாட்டில் நின்று கையை ஆட்டினார். “வாங்க, வாங்க, வரலாம், இடம் இருக்கு.” அவருடைய கண் பிள்ளையாரின் மேல் இருந்தது.

கார் பின்னால் நகர்ந்தது. நடக்கிற வேகம்கூட இல்லை.

அப்போது மாப்பிள்ளை கண்ணாடியில் தன் தலைமுடியை அமுக்கிக்கொண்டிருந்தார். காதுக்குப் பக்கத்தில், பூச்சரங்களின் இடைவெளியில், ஒரு சிவப்பு ரிப்பன் தெரிந்தது. அது கீழே போயிற்று. மேலே வரவில்லை.

“பாய், நிறுத்துங்க! ரிப்பன்! ரிப்பனைக் காணோம்!”

என்ன ரிப்பன், யாருடைய ரிப்பன் என்று ஒருவருக்கும் புரியவில்லை. பாய் பிரேக்கை மிதித்தார். கல்யாணத்தில் ரிப்பன் காணாமல் போனால் யாரும் இப்படிக் கத்துவதில்லை என்பது அவர் காலுக்கு எட்டியிருக்கிறது. வாத்தியம் நின்றது. நான் ஓடினேன்.

தேவி பம்பருக்குக் கீழே மல்லாந்து கிடந்தாள். பம்பர் தள்ளி விழுந்திருக்கிறாள். கை கால் எல்லாம் அசைந்தன. ஆனால் பச்சைப் பாவாடையின் மேல் பின் சக்கரம் ஏறி நின்றது. சக்கரத்துக்கும் அவள் தொடைக்கும் நடுவில் என் உள்ளங்கை நுழைந்தது. அதற்கு மேல் இடமில்லை. குழந்தை அழவில்லை. காரின் அடிப்பக்கத்தை அண்ணாந்து ஆராய்ந்துகொண்டிருந்தாள். அது பஞ்சுமிட்டாய் நிறத்தில் இல்லை என்பது அவளுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கலாம்.

“பாய், கொஞ்சம் முன்னாடி எடுங்க. பாவாடை மாட்டிக்கிட்டிருக்கு,” என்று கத்தினேன்.

பாய் இறங்கி வந்து குனிந்து பார்த்தார். திரும்பிப் போய் உட்காருவார் என்று நினைத்தேன். சாவியைத் திருகி என்ஜினை அணைத்தார். சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

“நான் தொட மாட்டேன் சார்.”

“ஒரு சாண் போதும் பாய்.”

“கிளட்ச்ச வுடும்போது ஒரு நூலு பின்னால வந்துச்சுன்னா? நான் தொட மாட்டேன்.” அவருடைய கைகள் வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தன. “சைக்கிள் கீது, ஆளு இல்ல” என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கூட்டத்தில் ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். பாய் சொன்னதைக் கேட்டபின் அவர்களுக்கும் மறந்துபோயிற்று.

சேகர்தான் முதலில் குதித்தார். அழைப்புக்கு ஏறிய மாப்பிள்ளை நடுத்தெருவில் இறங்கினார். சேகர் குழந்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி இறக்கினார். பிறகு மாலையைக் கழற்றி அத்தையின் கையில் கொடுத்துவிட்டு, பின்புறம் போய்த் தோளைக் கொடுத்தார்.

“பேண்டுக்காரங்க வாங்க! தூக்கித் தள்ளணும். ஒரு இம்மிகூடப் பின்னாடி வரக்கூடாது.”

ட்ரம்மைக் கீழே வைத்தார்கள். பெரிய பித்தளைக் குழாய் வாத்தியத்தைச் சுவரில் சாய்த்தார்கள். சிவப்புச் சட்டையும் பொன்னிறப் பட்டையும் போட்ட பேண்டுக்காரர்கள் ஒரு பக்கம், சட்டையில்லாத தவில்காரர் ஒரு பக்கம், நடுவில் கோட்டுப் போட்ட மாப்பிள்ளை. அத்தை செங்கல் குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்துவந்து, மறுபக்கச் சக்கரத்துக்குப் பின்னால் யாரும் சொல்லாமலே முட்டுக் கொடுத்தார். அன்று மாலை நடந்த காரியங்களில் மிகவும் புத்திசாலித்தனமானது அதுதான். நான் தரையில் படுத்து தேவியின் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டேன்.

“ஏலேலோ” என்று யாரோ ஆரம்பித்தார்கள். சக்கரம் ஒரு சாண் முன்னால் உருண்டது. இழுத்தேன். பாவாடையோடு வந்துவிட்டாள்.

முழங்கையில் சிராய்ப்பு. வேறொன்றும் இல்லை. எழுந்து நின்று பாவாடையைப் பார்த்தாள். அதில் டயரின் அச்சு அழகாக விழுந்திருந்தது. அதுவரை அழாதவள் அப்போது அழுதாள்.

“அம்மா அடிப்பாங்க.”

“அடிக்க மாட்டாங்கடி, நான் வந்து சொல்றேன்,” என்று அத்தை அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். பட்டுப் புடவையில் கிரீஸ் பட்டது. அத்தை அதைப் பார்த்தார்; முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார்.

சேகர் மீண்டும் காரில் ஏற மறுத்துவிட்டார். பாய் என்ஜினைத் தொட மறுத்துவிட்டார். ஆனால் ஊர்வலம் என்று ஒன்று மண்டபத்துக்குப் போயாக வேண்டும். கடைசியில் பாய் ஸ்டியரிங்கை மட்டும் பிடிக்கச் சம்மதித்தார். காலிக் காரை பேண்டுக்காரர்கள் தள்ளினார்கள். மாப்பிள்ளை பக்கத்தில் நடந்தார். தள்ளுவதற்கு உதவாதவர் நாதஸ்வரக்காரர் ஒருவர்தான். அவர் மட்டும் முன்னால் வாசித்துக்கொண்டு போனார். எங்கள் தெருவில் ஒரே பாட்டு மட்டும் கேட்ட ஒரே ஊர்வலம் அதுதான்.

மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்வீட்டார் திகைத்தார்கள். பெண்ணின் பெரியப்பா என்னைத் தனியாக அழைத்தார்.

“என்ன சார், பெட்ரோல் தீந்துபோச்சா?”

“இல்லைங்க. மாப்பிள்ளை வீட்டு வழக்கம்,” என்றேன்.

“ஓ,” என்றார் மரியாதையாக. “நல்ல வழக்கம். நிதானமா இருக்கு.”

சாம்பார் ஆறிவிட்டது.

மறுநாள் முகூர்த்தம் முடிந்ததும் பாய் வந்தார். முதலில் தேவியின் வீட்டுக்குப் போய்விட்டுத்தான் வந்திருந்தார். மாப்பிள்ளை சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தார்.

“பாய், நீங்க மனசுல வச்சுக்காதீங்க. கண்ணாடி என் பக்கம் இருந்ததாலதான் நான் பாத்தேன். உங்க பக்கம் இருந்திருந்தா அந்தப் பூவுக்கு நடுவுல ரிப்பன் தெரிஞ்சிருக்குமோ என்னமோ.”

இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. பல நாள் யோசித்திருக்கிறேன். என் மனைவி இன்றும் மாப்பிள்ளையின் கட்சி. (சேகரின் தூரத்துச் சொந்தம் அவள், அந்தக் கல்யாணத்தில்தான் முதலில் பார்த்தேன். அதனால்தான் ஆண்டைப் பற்றி அவளுக்கும் ஒரு கருத்து உண்டு.) ஆனால் பாய் தலையை ஆட்டினார்.

“தம்பி, நீ பாத்தது உன் முடிய. நடுவுல புள்ள தெரிஞ்சா. அது அவ நேரம். அது என் கண்ணாடி. நான்தான் பாத்துகினு இருந்திருக்கணும்.”

அந்தப் புரட்டாசி மாதத்தில், கல்யாணம் இல்லாத நாட்களில், கூரையை அறுத்த அதே வெல்டிங் கடைக்குப் பாய் காரைக் கொண்டு போனார். கண்ணாடியை டிரைவர் பக்கம் திருப்பிவைத்து, தண்டு சேரும் இடத்தில் பற்றவைத்துவிட்டார். இனி யாராலும் திருப்ப முடியாது. பின்புறம் பூச்சரம் கட்டக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். ஒவ்வொரு முறை வண்டியை எடுப்பதற்கு முன்னும் இறங்கி, காரை ஒரு சுற்றுச் சுற்றி, குனிந்து அடியில் பார்ப்பார். ஊர்வலம் பத்து இடத்தில் நின்றால் பத்து முறை. நாதஸ்வரக்காரர் அதற்கேற்ப ராகத்தை இழுக்கக் கற்றுக்கொண்டார்.

ஐப்பசியில் வந்த முதல் மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்ததும், “கண்ணாடியக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க,” என்றார்.

“திரும்பாது சார்.”

“ரிப்பேரா?”

“இல்ல சார். இப்பதான் ரெடியாச்சு.”

அந்த மாப்பிள்ளை வழியெல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார். பிறகு வந்தவர்களும் அப்படித்தான். வேறு ஊர்வலக் கார்கள் வந்தன. சுற்றிலும் கலர் பல்பு, மாப்பிள்ளைக்கு முன்னால் ஆளுயரக் கண்ணாடி. பாயைக் கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். அவர் அதைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை. தேவி மட்டும் பம்பருக்கு வருவதை நிறுத்தவில்லை. அவளைப் பார்த்ததும் பாய் வண்டியை அணைத்துவிட்டு, அவள் பழிப்புக் காட்டி முடிக்கும் வரை காத்திருப்பார்.

பிறகு நான் வேறு வேலைக்குப் போனேன். மண்டபத்தை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டினார்கள். மாப்பிள்ளை அழைப்பு தெருவிலிருந்து மண்டபத்துக்குள் போயிற்று. இப்போது வாசலிலிருந்து மேடை வரைக்கும்தான் ஊர்வலம். அதற்குக் கார் தேவையில்லை. பாயின் கார் அனகாபுத்தூரில் அவருடைய தம்பியின் கொட்டகையில் தார்ப்பாய்க்குக் கீழே நின்றது. பெரிய வெள்ளத்தின்போது அடையாறு கொட்டகைக்குள் வந்தது. கார் கழுத்தளவு சேற்றில் இருந்ததாகவும், மேலே தெரிந்த கொஞ்சத்தைப் பார்த்தே மக்கள் படகிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்ததாகவும் தம்பி சொன்னார். பாய் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். வண்டியைக் காயலான் கடைக்காரர் துண்டு துண்டாக எடுத்துப் போனார்.

துண்டுகள் எங்கே போகும்? எங்கள் பக்கத்தில் எல்லாத் துண்டுகளும் கடைசியில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குத்தான் வரும் என்பது என் நம்பிக்கை. இதற்கு ஆதாரம் இல்லை. இருந்தாலும் திரும்பாத அந்தக் கண்ணாடியைத் தேடிப் போகிறேன்.

சென்ற வெள்ளியும் போனேன். பழைய மின்விசிறி, சைக்கிள் செயின், கூண்டில் கிளிகள் எல்லாம் தாண்டி, கார் சாமான்களைச் சாக்கில் பரப்பியிருக்கும் கடையில் குந்தினேன். கண்ணாடிகள் ஒரு குவியலாகக் கிடந்தன. சிலவற்றில் ரசம் போயிருந்தது. ஒன்றை எடுத்தேன். பின்னால் கூட்டம் தெரிந்தது. கைபேசியைப் பார்த்துக்கொண்டே நடந்து வருகிறவர்கள். அவர்களை ஒட்டிப் பைக்கை உருட்டிக்கொண்டு ஒருவர், அவரும் கைபேசியில். ஒரு குழந்தை தோளில் போனது. தலையில் ரிப்பன் இல்லை. ரிப்பன் கட்டுகிற வழக்கமே போய்விட்டது.

“இன்னா சார், வாரா வாரம் வர்ற, எடுத்து எடுத்துப் பாத்துட்டு வச்சிட்டுப் போற,” என்றார் கடைக்காரர். “எல்லாம் நல்லா திரும்புது சார். ஒண்ணுகூட ஜாம் கெடயாது. எந்தப் பக்கம் வோணுமோ அந்தப் பக்கம் வச்சிக்கலாம்.”

திருப்பிப் பார்த்தேன். திரும்பியது. என் முகம் தெரிந்தது. வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். அதுவும் திரும்பியது.